மடத்து மெத்தை

“எங்க மெத்தையில கருங்கல்லைப் படுக்க வெச்சாலும் குறட்டை விடும், சார்!” என்றார் மடத்துத் தலைவி.

மெத்தை வாங்க வந்த ஓட்டல் மேனேஜர் சிரித்தார். “மாத்திரை போட்டாலே எனக்குத் தூக்கம் வராது மதர். என்கிட்டயே கதை விடறீங்களே!”

“படுத்துத்தான் பாருங்களேன். நீங்க நூறு மெத்தை எடுத்தாத்தான் எங்க இலவச ஆஸ்பத்திரி அடுத்த மாசமும் திறந்திருக்கும்.”

சுற்றிலும் கன்னியாஸ்திரிகள் வாய் திறக்காமல் மெத்தை தைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் தலைவி தவிர யாரும் பேசக் கூடாது என்பது மடத்து விதி.

மேனேஜர் வேண்டாவெறுப்பாகச் சாய்ந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா? கண்ணே மூடல.”

“சார், நீங்க படுத்தது நேத்து காலையில.”

“என்ன விளையாட்டு இது? யாராவது கூப்பிட்டு எழுப்பியிருக்க மாட்டாங்களா?”

“அவங்கதான் பேசக் கூடாதே! நான் ஏன் எழுப்பறேன், வியாபாரமாச்சே! உங்களைக் காணோம்னு தேடி வந்த உங்க வீட்டம்மாதான் எழுப்பறேன்னு பக்கத்துல உக்காந்தாங்க.”

மேனேஜர் திரும்பினார். அடுத்த மெத்தையில் அவர் மனைவி, கைப்பையை அணைத்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நூறும் எடுத்துக்கறேன் மதர், இவளை மட்டும் எழுப்பிடாதீங்க. நான் தூங்கினது வாஸ்தவம்தான், இன்னிக்கு ஒரு நாளாவது வீடு அமைதியா இருக்கட்டும்.”