லியோஷைப் பார்த்த சாட்சி

"குப்பையில் போடவும். முடிந்தால் எழுதியவனையும்." லியோஷ் வாவ்ரா என்பவனின் நிரலுக்கு போஹூஷ் எழுதிய பதினான்காவது மறுப்புக் கடிதம் இது. உலகமே படிக்கும் மடற்குழுவில்தான் எழுதினார்.

கம்ப்யூட்டரின் அஸ்திவாரமான கெர்னலில், ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் பகுதிக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் காவல். சி என்ற பழைய நிரல் மொழி தவிர வேறெதையும் அண்டவிட மாட்டார். புதிய ரஸ்ட் மொழியில் எழுதினால் நினைவகத்தில் பொத்தல் விழாது என்று வாதாடும் சக ஊழியை ராத்காவோடு ஒரு வருடமாகச் சண்டை.

லியோஷை யாரும் பார்த்ததில்லை. புதன்தோறும் ரஸ்ட் நிரல் அனுப்புவான். திட்டினால் வாய் திறக்காமல் அடுத்த புதன் திருத்தி அனுப்புவான். கடைசியில் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போஹூஷே ஒப்புதல் தர வேண்டியதாகிவிடும்.

இத்தனை பொறுமை, கெர்னலில் கள்ள வழி வைக்க வந்த உளவாளிக்குத்தான் வரும் என்று பிர்னோ நகரத்திலிருந்த அவர்கள் அலுவலகம் முடிவு கட்டியது.

"அவன நேர்ல பாத்தவங்க யாராவது வெள்ளிக்கிழமைக்குள்ள சாட்சி சொல்லணும். இல்லேன்னா ரஸ்ட்ல எழுதினது மொத்தமும் வெளியே" என்றாள் தலைவி ஸ்டென்கா. ராத்காவின் ஒரு வருட உழைப்பும் அதில் அடக்கம்.

வியாழன் மதியம், அலுவலகக் கேன்டீனில் குலாஷ் கறித் தட்டோடு போஹூஷின் எதிரே போய் உட்கார்ந்தாள் ராத்கா.

"இப்ப சந்தோஷமா பெரியவரே? எங்க பேரக் கெடுக்க நீங்கதானே அவன ஏவி விட்டீங்க?"

"நான் உண்டு, என் சி உண்டுன்னு இருக்கேன். நேத்துகூட லீவு போட்டுட்டு காளான் பறிக்கப் போயிட்டேன்."

"பிப்ரவரில காளானா? முழங்கால் அளவு பனி கிடக்கு."

"கெடைக்கலைன்னுதாம்மா வாராவாரம் போறேன்."

ராத்காவின் சந்தேகம் உறுதியானது. இந்த ஆள் எதையோ மறைக்கிறார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள்.

"கடைசியாக் கேக்கறேன். லியோஷ் மூஞ்சிய யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்றாள் ஸ்டென்கா.

ராத்கா மடிக்கணினியை மூடினாள். அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, போஹூஷ் மெல்லக் கையைத் தூக்கினார்.

"நீங்களா? எங்க பாத்தீங்க?"

போஹூஷ் தாடையைத் தடவிக்கொண்டார்.

"தினம் காலைல, ஷேவ் பண்ணும்போது."