குறை சொன்ன காலேஜ்

"உங்களைத்தான் கேட்கிறேன்! என் பொண்ணை என்ன சொல்லி விரட்டினீங்க?"

கதவைத் தள்ளிய வேகத்திலேயே கத்தினார் பழைய மரச்சாமான் கடைக்காரர். மகளை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

கல்லூரி முதல்வரின் அறை. மேஜைக்குப் பின்னால் பெரிய ஜன்னல். கண்ணைக் கூச வைக்கும் வெயில். அதற்கு முன்னால், உயரமான நாற்காலியில் கறுப்புக் கோட்டு. அசைந்து கொடுக்கவில்லை.

"பி.பி.ஏ. படிச்சா இங்கேதான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்ன பொண்ணு சார் அவ. நேத்து இன்டர்வியூவுக்கு வந்தா. வீட்டுக்குத் திரும்பினதும் இந்தக் காலேஜே வேண்டாங்கிறா. என் கடைக்குப் பக்கத்துத் தெருவுல ஒண்ணு ஈ ஓட்டிக்கிட்டு இருக்கே, அதுல சேர்றாளாம்!"

கடைக்காரர் மேஜையை நெருங்கினார்.

"ஏண்டின்னு கேட்டா அடுக்குறா. கட்டடம் பழசாம். ஹாஸ்டல்ல காத்தே வராதாம். லைப்ரரி தீப்பெட்டி மாதிரி இருக்காம். யார்கிட்ட? பழைய பீரோவைப் பேரம் பேசியே தலையெடுத்தவன் நான். வேண்டாத பொருளை எவனும் குறை சொல்ல மாட்டான் சார், பேசாமப் போயிடுவான். கதவு ஆடுது, கால் நொண்டுதுன்னு எவன் நின்னு சொல்றானோ, அவன்தான் வாங்கத் துடிக்கிறவன். அவளுக்கு இந்தக் காலேஜ்தான் வேணும்! அப்போ வேண்டாம்னு சொல்ல வெச்சது யாரு?"



கடைக்காரர் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டார். விரல்கள் பழக்கத்தில் மரத்தைத் தடவின.

"அப்பன் பழைய சாமான் விக்கிறவன்னு இளக்காரமா? இந்த மேஜையைத் தேக்குன்னு சொல்லி உங்க தலையில கட்டியிருக்கான். மேலே பூரா ஒட்டுப்பலகை. என் கண்ணுல மண்ணைத் தூவ இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்!"

மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஒரு மனுஷன் தொண்டை கிழியக் கத்துறேன். உட்காருன்னு ஒரு வார்த்தை வருதா உங்க வாயில? இந்த மரியாதையைத்தான் சொல்லித் தர்றீங்களா பிள்ளைங்களுக்கு?"

பின்னால் கதவு திறந்தது.

"யார்கிட்ட இவ்வளவு சத்தம்?" ஒரு பெண் குரல். "நான்தான் இங்கே முதல்வர்."

கடைக்காரர் திரும்பினார். "அப்போ இவர் யாரு?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

வராந்தாவிலிருந்து மகள் ஓடி வந்தாள். "மேடம், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க..."

"சொல்லாம எப்படிம்மா?" என்ற முதல்வர், அவர் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணை யாரும் விரட்டலைங்க. நேத்தே சீட்டு கொடுத்துட்டோம். அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலை, நான் ஹாஸ்டலுக்கு வந்துட்டா கடையில அவர்கூட யார் நிப்பாங்கன்னு அழுதுட்டே போனா."

"எனக்கா? என் கண்ணுக்கு என்ன கேடு?" சீறினார் கடைக்காரர். "ஏய், ஊர் பூரா இப்படித்தான் கதை விட்டுக்கிட்டு இருக்கியா? இதோ உட்கார்ந்திருக்காரே, இந்த சார் முன்னாடியே சொல்லு!"

மகள் விடுவிடுவென்று மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த கோட்டை உருவினாள். கொண்டு வந்து அப்பாவின் கையில் திணித்தாள்.

அவர் தடவிப் பார்த்தார். காலர். பொத்தான். காலியான கை.

"இவ்வளவு நேரம் இதுகூடத்தான் மல்லுக்கு நின்னீங்க!" அப்பாவின் கோபம் அப்படியே மகளின் குரலில் இருந்தது. "எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருப்பேன்? வியாபாரிக்குக் கை போதும்னு வாயை அடைச்சீங்க. நாளைக்கே வந்து டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க. நான் இங்கேயே சேர்றேன். இதுல பேரம் கிடையாதுப்பா!"