சிக்கடிகள் இறங்கிய இடம்

கனடாவின் ஸ்காபரோ பூங்காவில் உள்ள சிக்கடிக் குருவிகள் யோகராணியின் கையில் மட்டும் ஏன் இறங்குவதில்லை என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. பூச்சி கிடைக்காத குளிர்காலத்தில், பழகிய உள்ளங்கைக்கு அவை விதை தேடி வரும். பனி உருகிப் பூச்சிகள் கிளம்பிவிட்டால் கையை நாடா. கணவர் மார்கழியில் இறந்தார். கையில் விதை வைத்து இந்தக் குருவிகளோடு அவர் ஏற்படுத்திய உறவு இந்த வசந்தத்தோடு அறுந்துவிடும்.

“கையை ஆட்டாதேங்கோ, அம்மா,” என்றாள் மகள் தர்சிகா.

“நான் எங்க ஆட்டுறன்? உதுகள் கொப்பரின்ர ஆக்கள். என்னை மதிக்காதுகள்.”

அப்போது ஒரு குருவி, மர வாங்கில் கணவர் வழக்கமாக உட்காரும் பக்கத்தில், அவர் கை நீட்டும் உயரத்தில், வெறும் காற்றில் காலூன்றி நின்றது. குனிந்து தேடிவிட்டுப் பறந்தது.

யோகராணி விதைகளை அங்கே கொட்டினாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. குருவிகள் ஒவ்வொன்றாக வந்து எடுத்துப் போயின.