வீட்டோடு சேர்ந்தது

"முழங்கால் எப்படிம்மா இருக்கு?"

ஊர்த்தலைவர் நெஸு கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வீடு வாங்க வந்த ஷிஹோ கூரையை அண்ணாந்து பார்த்தாள். குளிர்காலத்தில் ஆளுயரம் பனி விழும் ஊர். மேலே ஏறித்தான் தள்ள வேண்டும்.

"நல்லா இருக்கு" என்றாள்.

நூற்றுப்பத்து வயதான மரவீடு. புகையேறிக் கறுத்த உத்தரம், நடுக்கூடத்தில் கணப்புக்குழி, கதவைத் தள்ளினால் எதிரே மலை. நகோயாவில் இருபது வருடம் ஆறாவது மாடியில் இருந்தவளுக்கு இது போதும்.

ஏற்கெனவே இரண்டு மலையூர்களில் கேட்டிருந்தாள். தனியாக வரும் பெண் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீடு வேறு ஒருவருக்குப் பேசி முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டு வீடுகளும் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன.

விற்பவர் சம்மதித்தால் மட்டும் போதாது, ஊரும் தலையாட்ட வேண்டும்.

இங்கும் அக்கம்பக்கத்தார் நான்கு பேர் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் வந்தன.

"தூசி பட்டா தும்முவீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு தொகியே.

பழைய வீடு, தூசி இருக்கும்தான். "மாட்டேன்."

"கொஞ்சம் குனிஞ்சு நடந்து காட்டுங்க."

நிலைகள் தாழ்வு, அதற்காக இருக்கும். அடுக்களைவரை குனிந்து போய்க் குனிந்தே திரும்பினாள். நால்வரும் அவள் கால்களையே பார்த்தார்கள்.

"நடை சரி. ஆனா பொம்பளையாச்சே" என்று முனகினார் நால்வரில் ஒருவரான கோழிப்பண்ணைக்காரர்.

ஷிஹோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். இதோ, மூன்றாவது ஊர்.

"உள்ள போயிட்டா ஆம்பளையா பொம்பளையான்னு எவனுக்குய்யா தெரியும்?" தொகியே அவர்மேல் பாய்ந்தாள். "மூணு வருஷமா தலையும் முன்னங்காலுமா ஆடுறோம். கீழூர்க்காரன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்!"

ஷிஹோ ஒன்றும் விளங்காமல் நெஸுவைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "திருவிழாவுல ஒரே துணிக்குள்ள ரெண்டு பேர் புகுந்து சிங்கம் ஆடுவோம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலைம்மா. தொகியே வீட்டுக்குப் புல்லாங்குழல். என் வீட்டுக்குச் சிங்கத்தோட தலை. இந்த வீட்டுக்குப் பின்னங்கால். இருந்தவரு மகனோட பட்டணம் போயிட்டாரு. வீட்டை வாங்கினா அதுவும் சேர்ந்துதான்."

"திருவிழா எப்போ?"

கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது.

"இன்னிக்கு" என்றார் நெஸு.

அரைமணி நேரத்தில் ஷிஹோ சிங்கத்தின் உடலான பச்சைத் துணிக்குள் இருந்தாள். நெஸுவின் குதிகால்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவர் வலப்பக்கம் திரும்பியபோது இவள் இடப்பக்கம் திரும்பினாள். சிங்கம் சற்றுநேரம் நண்டுபோல் நடந்தது. கீழூர்க்காரர்கள் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள்.

பத்திரம் பதிய அடுத்த வாரம்தான் போனார்கள். அதற்குள் தபால்காரர் அவளை 'பின்னங்கால் வீட்டம்மா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.