யப்பான் மாப்பிள்ளை

“மகளுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இரிக்கா, தம்பி?”

பெண் கேட்டு வந்த ஆயிஷா உம்மா முதலில் கேட்டதே இதுதான். காத்தான்குடியில் மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலியாகப் பணம் கேட்பார்கள், நகை கேட்பார்கள், வீட்டில் எத்தனை அறை என்று கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியைப் புடைவைக் கடை சாலிஹ் அதுவரை கேட்டதில்லை. அவர் மனைவி ஜெமீலாவைப் பார்த்தார்.

இல்லைதான். சாலிஹ் ரியாத்தில் சாரதியாக இருந்தபோது அங்கே பிறந்தவள் ரிப்கா. பிள்ளையைத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்று கூட இருந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று ஒத்திப்போட்டு, கைக்குழந்தையோடு ஊருக்கு வந்து, அதோடு மறந்தே போனார். அடையாள அட்டை எடுக்க முடியாமல் ஆசிரியர் பயிற்சி கைநழுவிப்போன அன்று ரிப்கா அழுதாள். அப்போதும் “பாப்பம் மகள்” என்றுதான் சொன்னார்.

முதலில் அதை எடுக்கும்படியும், பிறகு கலியாணத்துக்கு நாள் பார்க்கலாம் என்றும் சொன்னார் ஆயிஷா உம்மா. மற்றதெல்லாம் ஊர் வழமைப்படி நடந்தால் போதுமாம். அவருடைய மகன் ஸாஹிர் நெடுங்காலமாக யப்பானில் வாகன வியாபாரம் செய்பவர்.

சாலிஹுக்கு உடனே விளங்கிவிட்டது. பிரஜாவுரிமை இல்லாவிட்டால் பாஸ்போட் இல்லை. பாஸ்போட் இல்லாத பெண்ணை யப்பானுக்கு எப்படிக் கூட்டிப்போவது? நியாயமான கேள்விதான்.

அவருக்கு இந்தச் சம்பந்தத்தை விட மனம் இல்லை. காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் மகளுக்கொரு வீடு கட்டிக் கொடுக்கும்வரை தகப்பனுக்குத் தூக்கம் கிடையாது. சாலிஹுக்கு மகள்மார் இருவர், வீடு ஒன்றுதான். அதுவும் ஜெமீலாவின் சீதன வீட்டை விற்றுக் கட்டியது. அதை மகளுக்கென்று பூட்டி வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்தார்கள். இளையவள் நிஸ்றாவுக்கு அக்ரமைப் பேசி முடித்திருந்தும், வீடு இல்லாததால் கலியாணம் இழுபட்டுக்கொண்டே போனது. மூத்தவள் யப்பானுக்குப் போய்விட்டால் அந்த வீடு இளையவளுக்கு. கணக்கு அழகாக வந்தது.

அதற்குப் பிறகு சாலிஹ் ஓடிய ஓட்டம் ஊருக்கே வேடிக்கை. கிராம சேவகர் வீட்டு வாசலில் நின்றார். ரியாத்தில் கொடுத்த பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்தார். கலியாணப் பதிவையும் பழைய பாஸ்போட்டையும் தேடி அலுமாரியைக் கவிழ்த்தார். மகளோடு கொழும்புக்கும் போய் வந்தார். தாயோ தகப்பனோ இந்த நாட்டுப் பிரஜையாக இருந்தால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு, ஆனால் பதிந்தால்தான் அது கையில் வரும் என்று அங்கிருந்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார். ஏன் இவ்வளவு காலம் பதியவில்லை என்றும் கேட்டார். சாலிஹ் படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

ஒருவழியாகச் சான்றிதழ் கிடைத்தது. ரிப்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வாப்பா, இனி நானும் வோட்டுப் போடுவன். ஸ்கூல்ல படிப்பிச்சு, வரி கட்டச் சொன்னா வரியும் கட்டுவன்.”

“அதெல்லாம் கெடக்கட்டும் மகள். முதல்ல பாஸ்போட்ட எடு. நாட்ட விட்டுப் போறதும் பிரஜையிட உரிமைதான்.”

ரிப்காவின் முகம் வாடிவிட்டது. இத்தனை காலம் கழித்து இந்த நாடு அவளைத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது, அந்தக் கையோடு கிளம்பிப் போகச் சொல்கிறார் தகப்பன். அவளுக்குப் போக விருப்பமே இல்லை. ஜெமீலா அடுப்படியில் போய் அழுதாள். சாலிஹுக்கும் மகளைப் பிரிய விருப்பமில்லைதான். ஆனாலும் வீட்டுக் கணக்கு அதை அமுக்கிவிட்டது.

அடுத்த கிழமையே சட்டத்தரணியிடம் போய் வீட்டை நிஸ்றாவின் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதினார். எழுதுமுன் ஆயிஷா உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்றாள் ஜெமீலா.

“யப்பான்ல இரிக்கிறவருக்குக் காத்தான்குடில ஊடு என்னத்துக்கு?” என்று அவள் வாயை அடைத்துவிட்டார். அக்ரம் வீட்டார் மறுநாளே வந்து சுவருக்குப் புது வர்ணம் பூசத் தொடங்கினார்கள்.

பிரஜாவுரிமை கிடைத்த செய்தி கேட்டு ஆயிஷா உம்மா ஒரு தட்டு மஸ்கட் இனிப்போடு வந்தார். சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கலியாணத்தை அடுத்த மாதமே வைக்கலாம் என்றார். சாலிஹ் மெல்லக் கேட்டார்.

“ராத்தா, மாப்பிள மகள எப்ப யப்பானுக்குக் கூட்டிப் போவார்?”

“எங்க கூட்டிப் போற?” ஆயிஷா உம்மா வியப்போடு பார்த்தார். “அவன் யப்பான் பிரஜாவுரிமை எடுத்ததோட இஞ்சத்த உரிமை போயிட்டு, தம்பி. பெத்த ஊருக்கு விருந்தாளி மாதிரி வந்திட்டு, விசா முடிய அழுதுக்கிட்டுப் போறான். அதாலதான் பிரஜாவுரிமை உள்ள புள்ளையா வேணுமெண்டு நிண்ட நான்.”

கதவடியில் நின்ற ரிப்கா சிரித்தே விட்டாள்.

“இனிப் பொஞ்சாதிட பேர்ல விசா எடுத்து இஞ்சயே இரிந்திருவான். யாவாரத்தையும் வித்துப்போட்டான். கலியாணத்தண்டைக்கே ஊட்டுச் சாவியக் கையில குடுத்திருங்க, தம்பி.”