பன் வாங்கப் போனவள்

"இன்னா மேடம், ரெண்டு தெருவும் வேணாம்னுட்டீங்க?" என்றார் வீட்டு புரோக்கர் இன்பராஜ்.

நாக்பூரிலிருந்து குடும்பத்தோடு பேரணாம்பட்டுக்குக் குடிவர வந்திருந்த ஃபீபி மூன்றாவது தெருவின் முனையில் நின்றாள். முந்தைய தெருக்களில் செய்தது போலவே, ஆறு வயது மகள் நிஷாவைத் தனியாகக் கடைக்குப் பன் வாங்க அனுப்பினாள்.

சற்று நேரத்தில் நான்கு பெண்கள் நிஷாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். ஒருத்தி பீடி சுற்றும் முறத்தைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள்.

"பச்சப் புள்ளைய தனியா உட்டுட்டு இன்னாம்மா பண்ற? பெத்தவதானா நீ?"

இன்பராஜ் பதறினார். "சண்டைக்காரத் தெரு மேடம். வேற பாக்கலாம்."

மகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்த கணவனைப் பார்த்து ஃபீபி தலையசைத்தாள். பிறகு அந்தப் பெண்களையே பிரமிப்போடு பார்த்தாள்.

"இங்கயே வீடு பாருங்க சார். இவ தினம் ஸ்கூலுக்கு நடந்து போகணும். அந்த ரெண்டு தெருவுலயும் இவள ஏன்னு கேக்க ஒருத்தரும் இல்ல."