பலகை வைத்த கப்பல்

கண்காட்சி பார்க்க வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். மணவாளன் மாமா மட்டும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதம் மடித்துக்கொண்டிருந்தார்.

மேலே நூலில் தொங்கிய காகிதக் கப்பல்கள் எல்லாம் ஸ்ரீமதி மடித்தவை. கடலூரில் அவளும் தம்பி பூவரசனும் மழைநாளெல்லாம் ஆடிய ஆட்டம், இன்று சிதம்பரத்தில் ஒரு கூடம் கொள்ளாமல் தொங்கியது. வருகிறவர்களும் மடித்துப் பார்க்கட்டும் என்று கீழே பாய் விரித்துக் காகிதமும் வைத்திருந்தாள்.

பூவரசன் கெடிலத்தில் கப்பல் விடப் போனவன். எட்டு வயது. திரும்பி வரவே இல்லை.

பக்கத்து வீட்டு மணவாளன் மாமா அன்று காலையிலேயே விழுப்புரம் போயிருந்தாராம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சேதி கேட்டு, போட்ட சட்டையோடு ஆற்றில் குதித்துத் தேடினார். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன்.

இன்றும் அவர்தான் முதல் ஆள். தன் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் மகள் பொன்னியையும் கூட்டி வந்திருந்தார்.

அவர் விரல்கள் காகிதத்தின் ஓரத்தை உள்ளே செருகி, நடுவில் குறுக்காக ஒரு பட்டையை இழுத்தன. கப்பலுக்குள் உட்கார ஒரு பலகை.

ஸ்ரீமதிக்கு முதலில் சந்தோஷம்தான் பொங்கியது. பூவரசனின் கப்பல்! மேலே தொங்குகிற ஒன்றில்கூட அந்தப் பலகை இல்லை. எத்தனை முயன்றும் அவளுக்கு அது கைவரவில்லை.

“இத யாரு மாமா கத்துக் குடுத்தாங்க?”

“வேற யாரு, உன் தம்பிதாம்மா. எத்தினியோ தடவ மடிச்சிக் காட்டிருக்கான்.”



பூவரசன் அந்தப் பலகையைக் கண்டுபிடித்ததே ஆற்றுக்குப் போன அன்றைக்கு மத்தியானம்தான். சோறு ஆறிப்போகிறது என்று அம்மா கத்தக் கத்த மடித்து முடித்தான். அக்காவிடம் மட்டும் காட்டினான். மழை விட்டதும் அதை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினான்.

மாமா கப்பலைப் பொன்னியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். போகிற வழியில் வெள்ளாற்றில் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீமதி ஓடிப்போய்க் குழந்தையின் இன்னொரு கையைப் பிடித்தாள்.

மாமா அவளைப் பார்த்துச் சிரித்தார். பிடியை மட்டும் விடவில்லை.